கடவுளின் பொறுமையில் ஒரு விருந்தாளி

கடவுளின் பொறுமை என்பது எங்கள் சுரங்கத்தின் பெயர். அதில் வெள்ளி இருக்கிறது. வெள்ளியைவிடத் தண்ணீர் அதிகம் இருக்கிறது. தண்ணீரை இறைக்க ஒரு நெருப்பு எந்திரம் வைத்திருந்தோம். அது எப்படி வேலை செய்கிறது என்பது க்ரௌபாக் ஊரின் மிகப் பெரிய இரகசியம். அதை நாங்கள் எவ்வளவு நன்றாகக் காத்தோம் என்றால், ஊரில் ஒருவருக்குக்கூட அது தெரியாது.

எந்திரத்தைக் கட்டியவர் ஓர் ஆங்கிலேயர். கட்டி முடித்ததும் ஊருக்குப் போக விரும்பினார். போக வேண்டாம் என்று சுரங்க மன்றம் அவரைக் கேட்டுக்கொண்டது. கேட்டுக்கொள்ளும்போதே காலில் சங்கிலியும் போட்டது. ஒரு குளிர்காலத்தில் அவர் சங்கிலியோடு குழிக்குள் விழுந்தார். மன்றம் நல்ல கல்லறை எழுப்பியது. "எங்கள் எந்திரத்தைக் கண்டு வியந்த வெளிநாட்டவர்" என்று அதில் செதுக்கியிருக்கிறது.

எந்திர வீட்டுக்கு ஜன்னல் கிடையாது. உள்ளே பலகைத் தடுப்புகள். நெருப்புக்காரன், ஆவிக்காரன், குளிர்நீர்க்காரன், விட்டக்காரன் என்று நாலு பேர், நாலு பெட்டி. காலையில் உள்ளே விட்டு வெளியே பூட்டுவார்கள். ஒவ்வொருவனுக்கும் ஒரு பிடி. பக்கத்துப் பெட்டிக்காரன் எதை இழுக்கிறான் என்று தெரிந்துகொள்வதும் குற்றம், தன்னுடையதைச் சொல்வதும் குற்றம். நாக்கை வெட்டுவார்கள். மணி அடித்துச் சைகை கொடுக்கலாமே என்று ஒருவன் கேட்டான். மணியின் தாளத்தை வெளியே நிற்கும் உளவாளி எண்ணிவிடுவான் என்று மன்றம் விளக்கியது. ஆகவே தரை அதிர்வதை வைத்து ஊகித்தார்கள். குளிர்நீர்க்காரன் மெல்ஹியோர் ஒருமுறை தப்பாக ஊகித்தான். இடது கை முழங்கையோடு போயிற்று. மன்றம் விழா எடுத்து அவனுக்குக் கையுறை பரிசளித்தது. ஒரு ஜோடி.

மன்றத்துக்கு இரண்டு தளங்கள். மாடியில் வரவேற்புப் பிரிவு. வெளிநாட்டவருக்கு விருந்து வைத்து எங்கள் பெருமையைக் காட்டுவது அதன் வேலை. அங்கே ஃபோன் ரோஸ்னிட்ஸ் ஐயா இருந்தார். கீழே இரகசியக் காப்புப் பிரிவு. எங்கள் பெருமையைப் பார்த்துவிட்ட வெளிநாட்டவரைப் பிடித்து அடிப்பது அதன் வேலை. அங்கே க்னோபெல் ஐயா. மாடியில் சாப்பிட்டவர்கள்தான் பெரும்பாலும் கீழே அடி வாங்கினார்கள். ஒரே படிக்கட்டு. அதனால் யாரும் வழி தவறவில்லை.

இரண்டு பேருக்கும் மேலே சுரங்கத் தலைவர். அவர் உடல்நலத்துக்காக இங்கிலாந்து போயிருந்தார். எந்திரங்களும் கரிப்புகையும் மட்டுமே உள்ள ஓர் ஊரில் நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்துக்கொண்டிருந்தார்.

சிடோனி தலைவர் இல்லாத அந்தக் குளிர்காலத்தில்தான் மன்றத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். பயணிகளுக்குச் சுரங்க உடை எடுத்துக் கொடுப்பாள். அவர்கள் ஏறி வந்ததும் வாங்கித் துவைப்பாள். அவள் கணவன் வெய்ட் சுரங்கத்தின் அடித்தளத்தில் பாறை வெட்டுபவன். பாறை வெட்டுகிறவர்களில் அவ்வளவு உயரமானவன் வேறு யாரும் இல்லை. அதனால் தண்ணீர் அதிகமான இடத்தில் அவனை விட்டிருந்தார்கள்.

பனி உருகும் மாதத்தில் ஸ்வீடனிலிருந்து ஒரு பயணி வந்தார். ஆர்விட் ஸ்யோலின் என்று பெயர். இளவரசரின் அனுமதி முத்திரையோடு வந்திருந்தார். சிடோனி வெள்ளை மேலங்கி, பச்சைத் தொப்பி, இடுப்பில் கட்டும் தோல் மூன்றையும் எடுத்துக் கொடுத்தாள். அவர் தோலை வயிற்றின் மேல் கட்டிக்கொண்டார்.

சிடோனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஐயா, அது முன்னால இல்ல. பின்னால."

"பின்னாலயா? கொல்லன் முன்னாலதானே கட்டுவான்?"

"கொல்லனுக்கு நெருப்பு முன்னால. எங்களுக்கு ஈரம் பின்னால. உக்காந்து சறுக்கித்தான் எறங்கணும். திரும்புங்க."

அவர் குழந்தைபோலத் திரும்பி நின்றார். அவள் இறுக்கிக் கட்டினாள்.

கீழ்த்தளம் உளவாளியைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்திருந்தது. தோலை முன்னால் கட்டுகிறவன் பயணி. பின்னால் கட்டுகிறவன் ஏற்கெனவே விசாரித்துத் தெரிந்துகொண்டு வந்தவன், ஆகவே உளவாளி. சோதனை இரகசியமானது. உடை கொடுப்பவளுக்குக்கூட அதைச் சொல்லவில்லை.

மாடியில் விருந்து நடந்தது. பன்றிக்கறி, புளித்த முட்டைக்கோஸ், சீரகச் சாராயம். ரோஸ்னிட்ஸ் ஐயா கோப்பையைத் தூக்கினார்.

"எங்களிடம் ஒளிவு மறைவு கிடையாது. உலகத்துக்குக் கற்றுத் தருவது எங்கள் கடமை. எதைக் கற்றுத் தரக் கூடாது என்பதைக் கீழ்த்தளம் பார்த்துக்கொள்ளும். ஆகவே நான் மனம் திறந்து பேசலாம். எனக்கு எதுவும் தெரியாது என்பதால் இன்னும் தாராளமாகவே பேசலாம்."

எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு விருந்தாளியை எந்திர வீட்டுக்கு அழைத்துப் போனார்கள். உள்ளே விடுவதில்லை. வெளிச்சுவரின் முன் நிறுத்தி ஓசையைக் கேட்கச் செய்வார்கள்.

"கேக்குதா? இதுதான் எங்க அறிவு," என்றார் ரோஸ்னிட்ஸ்.

ஸ்யோலின் சுவரில் காதை வைத்தார். கொஞ்ச நேரத்தில் முகம் வெளுத்துப் போயிற்று.

"இத நிறுத்துங்க. தண்ட ஏத்தி எறக்குற விட்டத்தோட அச்சாணி விரிஞ்சிருக்கு. ஒவ்வொரு தடவை மேல போறப்பவும் கிறீச்சுன்னு அழுவுது பாருங்க. சாயங்காலம் வரைக்கும் தாங்காது. கீழ ஆள் இருந்தா மேல கூப்பிடுங்க."

"எங்க எந்திரத்தப் பாத்தா எல்லாருக்கும் இப்படித்தான் உணர்ச்சிவசமாயிடும்," என்றார் ரோஸ்னிட்ஸ். தட்டிக்கொடுத்தார்.

படிக்கட்டின் அடியில் கீழ்த்தளத்து ஆட்கள் காத்திருந்தார்கள். முதல் அடி துப்பாக்கிக் கட்டையால் ஸ்யோலினின் வாயில் விழுந்தது. ரோஸ்னிட்ஸ் ஐயா தொப்பியைக் கழற்றி விருந்தாளிக்கு விடைகொடுத்துவிட்டு மாடி ஏறினார்.

சிடோனி உடைகளைத் திரும்ப வாங்கக் கூடையோடு போனபோது விசாரணை நடந்துகொண்டிருந்தது. ஸ்யோலினை நாற்காலியில் கட்டி, இடது கையை மேசைமேல் வைத்திருந்தார்கள். மன்றத்தின் வெட்டுக்காரர் உர்பன் பக்கத்தில் சுத்தியலோடு நின்றார். உர்பன் நல்ல மனிதர். உத்தரவில் இருப்பதைச் செய்வார், இல்லாததைச் செய்ய மாட்டார்.

"தோலப் பின்னால கட்டணும்னு ஒனக்கு யாரு சொன்னா?" என்றார் க்னோபெல்.

ஸ்யோலின் கதவருகே நின்ற சிடோனியைப் பார்த்தார். உடனே பார்வையை எடுத்துக்கொண்டார். "யாரும் சொல்லல. ஈரம் எங்க படும்னு யோசிச்சேன்."

"எழுதிக்கோ. யோசிச்சிருக்கான்."

சுத்தியல் சுண்டுவிரலில் இறங்கியது.

"அச்சாணி?"

"காதால கேட்டேன்."

"எழுதிக்கோ. கேட்டிருக்கான்."

அடுத்த விரல். எலும்பு உடைவது அடுப்பில் சுள்ளி ஒடிப்பதுபோலத்தான் கேட்டது. சிடோனி கூடையைக் கீழே போட்டாள்.

"ஐயா, அவர விடுங்க. நாந்தான் கட்டிவிட்டேன். முன்னால கட்டியிருந்தாரு. நாந்தான் திருப்பிக் கட்டினேன்."

க்னோபெல் அவளை இரக்கத்தோடு பார்த்தார். "பாத்தியா? வந்து அரைநாள் ஆகல. நம்ம பொண்ணையே வசியம் பண்ணிட்டான். அதையும் எழுதிக்கோ."

மிச்சமிருந்த விரல்களும் உடைந்தன. உர்பன் வலது கைப்பக்கம் நகர்ந்தபோது க்னோபெல் அதட்டினார். "அதத் தொடாத. அது நாளைக்கு வெட்ட வேண்டியது. மன்றத்தோட சொத்து."

எந்திரத்தை முழுவதுமாகக் கண்டு விளங்கிக்கொண்டவன் எவனாக இருந்தாலும், ஒரு பிடிக்கு உரியவனாக இல்லாவிட்டால், அவன் வலது கை சுரங்க வாயிலில் வெட்டப்படும். அதுதான் சட்டம். க்னோபெல் அதை நின்றுகொண்டு வாசித்தார். வாசித்து முடிக்கும் முன் தரை குலுங்கியது. மேசையிலிருந்த மைக்கூடு உருண்டு விழுந்தது.

எந்திர வீட்டின் கூரை பாதி இல்லை. அச்சாணி ஒடிந்து விட்டத்தின் உள்முனை இறங்கியிருந்தது. அது விட்டக்காரன் அம்புரோஸின் பெட்டிமேல் இறங்கியிருந்தது. பெட்டி வெளியே பூட்டியிருந்தது. அம்புரோஸை எடுக்க ஆட்கள் கட்டிலோடு போனார்கள். வாளியோடு திரும்பினார்கள். அவன் மனைவி அந்த வாளியைப் பிடுங்கிக்கொண்டு பனியில் உட்கார்ந்துவிட்டாள். யாராலும் அவளிடமிருந்து அதை வாங்க முடியவில்லை.

அறுந்த இறைப்புத் தண்டு குழிக்குள் விழுந்து, போகிற வழியிலிருந்த ஏணிகளையும் ஏணிகளில் இருந்தவர்களையும் அடித்துக்கொண்டு போனது. எந்திரம் நின்றது. உருகும் பனியெல்லாம் கடவுளின் பொறுமைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மறுநாள் காலையில் இறைப்புக் குழாயில் தட்டும் ஓசை கேட்டது. பெண்கள் ஒவ்வொருவராகக் குழாயில் காதை வைத்தார்கள். சிடோனி தன் முறை வந்ததும் நகர மறுத்துவிட்டாள். வெய்ட்டும் அவன் ஆட்களும் அடித்தளத்தின் கோடியில் ஒரு மேட்டுப் பொந்துக்குள் ஏறியிருக்க வேண்டும். அங்கே காற்று இருக்கும். ஆனால் வெளியே வரும் வழி தண்ணீருக்குள். தண்ணீரை இறக்கினால் நடந்து வருவார்கள். இறக்காவிட்டால் அது பொந்துக்கும் ஏறும்.

"இருக்காங்க," என்றாள் சிடோனி. "எந்திரத்த ஓட்டுங்க."

க்னோபெல் ஐயா மிச்சமிருந்த மூன்று பிடிக்காரர்களையும் கூட்டினார்.

"எந்திரம் எப்படி ஓடுதுன்னு யாருக்குடா தெரியும்?"

"எம் பிடி மட்டும் தெரியும் ஐயா," என்றான் மெல்ஹியோர்.

"சொல்லு."

"சொன்னா நாக்க வெட்டுவாங்க. சத்தியம் பண்ணியிருக்கேன்."

"யார் முன்னாடி பண்ணின?"

"ஒங்க முன்னாடிதான்."

"அப்ப சொல்லாத."

"சரிங்க ஐயா."

க்னோபெலுக்குத் திருப்தியாக இருந்தது. சத்தியத்திலிருந்து விடுவிக்கத் தலைவரால்தான் முடியும். தலைவரை ஆங்கிலேயர்கள் ஓர் எந்திர வீட்டின் கூரையிலிருந்து இறக்கிச் சிறையில் வைத்திருப்பதாக அன்றைய தபாலில்தான் செய்தி வந்திருந்தது. நாகரிகமில்லாத மக்கள் என்று மன்றம் தீர்மானம் நிறைவேற்றியது.

"கீழ கட்டிப் போட்டிருக்கீங்களே, அந்த ஸ்வீடன்காரர்," என்றாள் சிடோனி. "செவுத்துல காத வச்சே ஒடையும்னு சொன்னவரு. அவர விடுங்க, அவரு சரி பண்ணுவாரு."

"அவர் நம் விருந்தாளி," என்றார் ரோஸ்னிட்ஸ். "விருந்தாளியை வேலை வாங்கும் வழக்கம் நமக்கு இல்லை."

"அவன் உளவாளி," என்றார் க்னோபெல். "எந்திரத்தப் பாக்க விட மாட்டேன். மொதல்ல கைய வெட்டணும். அப்புறம் வேணா சரி பண்ணட்டும்."

"கையில்லாம எப்படிய்யா சரி பண்ணுவாரு?"

"அது அவன் யோசிக்க வேண்டியது. நல்லா யோசிக்கிறவன்தானே."

இரண்டு தளங்களும் கூட்டம் போட்டன. குழாயில் தட்டும் ஓசை இடைவெளி விட்டுவிட்டு வரத் தொடங்கியது. கல் உடைக்கும் பெண்கள் சுத்தியல்களோடு வந்து மன்றத்தின் கதவை உடைக்க ஆரம்பித்தார்கள். காவலர்கள் முன்னால் நின்றவளின் பற்களைத் துப்பாக்கிக் கட்டையால் பெயர்த்தார்கள். அவள் இரத்தத்தைத் துப்பிவிட்டுக் காவலனின் முழங்காலில் சுத்தியலால் அடித்தாள். முழங்கால் பின்பக்கமாக மடங்கியது. அதன்பின் கூட்டம் விரைவாக முடிந்தது.

முடிவு இதுதான். உளவு பார்ப்பது கண். ஆகவே ஸ்யோலினின் கண்களைக் கட்டிவிட வேண்டும். சரிசெய்வது கை, ஆகவே கைகளை அவிழ்த்துவிட வேண்டும். அவருக்குப் பதில் பார்த்துச் சொல்ல சிடோனி. பெண்களுக்கு எந்திரம் விளங்காது என்று விதியிலேயே இருந்ததால் அவள் பார்ப்பது பார்ப்பதாகாது. மன்றத்தின் சார்பில் க்னோபெல் ஐயா உள்ளே நின்று கண்காணிப்பார். வேலை முடிந்ததும் கை வெட்டப்படும்.

ஸ்யோலினின் கண்களில் கறுப்புத் துணி கட்டிக் கூட்டி வந்தார்கள். இடது கை வீங்கி, கம்பளிக் காலுறையில் முள்ளங்கிகளைப் போட்டதுபோல் இருந்தது.

"அம்மா, என்ன தெரியுது?" என்றார்.

"பலகை. எங்க பாத்தாலும் பலகை."

"அப்ப அத மொதல்ல எடுக்கணும்."

சிடோனி கோடாரியை வாங்கினாள். க்னோபெல் ஆட்சேபித்தார். அவள் முதல் வெட்டை அவர் காதுக்குப் பக்கத்திலிருந்த பலகையில் போட்டாள். அவர் ஆட்சேபத்தை எழுத்தில் தருவதாகச் சொல்லி மூலைக்குப் போனார். தடுப்புகள் ஒவ்வொன்றாகச் சரிந்தன. அம்புரோஸின் இரத்தம் பலகைகளில் உறைந்திருந்தது. கோடாரி வழுக்கியது.

கடைசித் தடுப்பு விழுந்தபோது மூன்று பிடிக்காரர்களும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நீயா?" என்றான் மெல்ஹியோர், ஆவிக்காரனிடம். "இத்தன வருசமா இருமிக்கிட்டிருந்தது நீயாடா யோப்ஸ்ட்? எங்க தெருவுல இருக்கிற நீயா?"

"ஒன் கை போனப்ப பக்கத்துல யாரோ கத்துறாங்கன்னு கேட்டுச்சு. நீன்னு தெரியாது. கேக்கவும் கூடாது." யோப்ஸ்ட் தன் பிடியைப் பார்த்தான். பிறகு மெல்ஹியோரின் பிடியைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவே ஒரு கையெட்டும் தூரம். "நான் இழுத்து முடிக்கிறதுக்குள்ள நீ தொறந்திருக்க. அவ்வளவுதான். ஒரு குரல் குடுத்திருந்தா போதும்."

"பேசாதீங்க!" என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

அதற்குப் பிறகு அவர்கள் நிறுத்தவே இல்லை.

ஸ்யோலின் வலது கையால் இரும்பைத் தடவிக்கொண்டே கேட்பார், சிடோனி சொல்வாள். கொல்லனை அழைத்துப் புது அச்சாணி அடித்தார்கள். விட்டத்தைக் கப்பி போட்டுத் தூக்கும்போது கயிறு ஒன்று அறுந்து ஓர் ஆளின் தாடையைக் கிழித்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு மறுபடியும் கயிற்றைப் பிடித்தான். உருளைக்குள் ஏறி இறங்கும் வட்டத் தட்டைச் சுற்றியிருந்த தோல் வார் கிழிந்திருந்தது. தோல் இல்லாமல் ஆவி ஒழுகும், எந்திரம் இழுக்காது.

"தடிமனான தோல் வேணும். எண்ணெயில ஊறினதா," என்றார் ஸ்யோலின்.

சிடோனி வெளியே வந்து நின்ற ஆண்களைப் பார்த்தாள். "எல்லாரும் திரும்புங்க," என்றாள். அவர்கள் பின்பக்கத் தோல்களை அவிழ்த்துக்கொண்டு உள்ளே போனாள். சீருடையைச் சிதைப்பது குற்றம் என்று க்னோபெல் சொன்னார். அவருடைய தோல் புதியது, விழாக்களில் மட்டும் கட்டியது. அதையும் வெட்டினார்கள்.

நெருப்பு மூட்டினார்கள். யோப்ஸ்ட் "இப்ப!" என்று கத்தினான். மெல்ஹியோர் ஒற்றைக் கையால் இழுத்தான். விட்டம் தலையசைத்தது. குழாயின் வாயிலிருந்து சேறும் தண்ணீரும், ஏணியில் இருந்த யாரோ ஒருவரின் தொப்பியும் வந்தன. சிடோனி கோடாரியைக் கீழே வைக்காமல் குழாயில் காதை வைத்தாள். தட்டும் ஓசை நின்றிருந்தது.

தண்ணீர் இறங்க நேரமாயிற்று. கயிற்றில் ஆட்களை இறக்கினார்கள். முதலில் இரண்டு பிணங்கள் வந்தன, குளிரில் கட்டிப்பிடித்தபடி. பிரிக்க முடியாமல் ஒன்றாகவே தூக்கினார்கள். பிறகு உயிரோடிருந்தவர்கள். வெய்ட் கடைசியில் வந்தான். தண்ணீர் அவன் மோவாய்வரை ஏறியிருந்ததாம். குட்டையாக இருந்த இருவரைத் தோளில் தூக்கிக்கொண்டு நின்றிருக்கிறான். கால் நிற்கவில்லை, கண் திறக்கவில்லை. சிடோனி அவனைத் தன் சால்வையில் சுற்றிச் சறுக்குவண்டியில் படுக்கவைத்தாள். அவன் வாய் அசைந்தது. "தட்டித் தட்டிக் கை மரத்துப்போச்சுடீ," என்றான்.

இதற்குள் சுரங்க வாயிலில் வெட்டுமரம் வைத்தாகிவிட்டது. மன்றத்தின் வாத்தியக்குழு வந்திருந்தது. மாடியின் சார்பில் ரோஸ்னிட்ஸ் ஐயா விடைபெறும் கோப்பையை நீட்டினார். ஸ்யோலினால் இடது கையில் பிடிக்க முடியவில்லை, வலது கையைக் கட்டியிருந்தார்கள். ஆகவே ரோஸ்னிட்ஸே வாயில் ஊற்றிவிட்டார். கண்கட்டு இன்னும் இருந்தது. பாதிச் சாராயம் கழுத்தில் வழிந்தது.

க்னோபெல் ஐயா கூட்டத்தைப் பார்த்துப் பேசினார்.

"இந்த ஊர் பிழைத்தது யாரால்? ஓர் அந்நியனாலா? ஒரு சலவைக்காரியாலா? சிரிப்புத்தான் வருகிறது. மன்றத்தால்! அந்த வீட்டுக்குள் இமை கொட்டாமல் நின்றவன் நான். ஒவ்வொரு திருகையும் பார்த்தேன். எந்தப் பிடி எதைத் திறக்கிறது, எந்தத் தண்டு எங்கே போகிறது, அத்தனையும் என் மூளையில் இருக்கிறது. அவர்கள் கையை ஆட்டினார்கள். விளங்கிக்கொண்டவன் நான் ஒருவன்தான்!"

மாடியின் ஆட்கள் கைதட்டினார்கள். உர்பன் ஸ்யோலினின் வலது கையை மரத்தின்மேல் நீட்டிக் கட்டினார். கோடாரியைத் துடைத்தார்.

"அண்ணே, ஒரு நிமிசம்," என்றாள் சிடோனி. அவள் கை வெய்ட்டின் நெஞ்சில்தான் இருந்தது. "அவரு எதப் பாத்தாரு? கண்ணக் கட்டினது நீங்கதானே?"

உர்பன் கோடாரியை இறக்கினார். தன் சட்டைப்பையிலிருந்த உத்தரவை எடுத்து உதடுகளை அசைத்துப் படித்தார். "கண்டு விளங்கிக்கொண்டவன்னுதான் போட்டிருக்கு. பாக்காதவன் கைய வெட்ட எனக்கு உத்தரவில்ல."

"இவ பாத்தாளே!" என்றார் க்னோபெல்.

"பெண் பார்ப்பது பார்ப்பதாகாது," என்றார் ரோஸ்னிட்ஸ் பணிவாக. "தங்கள் கையெழுத்துதான்."

"பிடிக்காரனுங்க?"

"அவங்க பிடிக்கு உரியவங்க. சட்டம் வெலக்கியிருக்கு," என்றார் உர்பன். அவருக்கு உண்மையிலேயே குழப்பமாக இருந்தது. மரம் வைத்தாயிற்று, வாத்தியக்குழு வந்தாயிற்று. "அப்ப யாருதான் பாத்தது?"

மெல்ஹியோர் தொண்டையைச் செருமினான்.

"இப்பத்தானே அவரே சொன்னாரு," என்றான்.

எல்லோரும் க்னோபெலைப் பார்த்தார்கள். அவர் சிரித்தார். பிறகு ரோஸ்னிட்ஸைப் பார்த்தார். ரோஸ்னிட்ஸ் தொப்பியைக் கழற்றியிருந்தார்.

"உர்பன், நான் மன்றத்து ஆளுப்பா."

"எவனாக இருந்தாலும்னு போட்டிருக்குங்க ஐயா," என்றார் உர்பன், வருத்தத்தோடு. ஸ்யோலினின் கட்டை அவிழ்த்தார்.

கீழ்த்தளத்துக் காவலர்கள் க்னோபெலைப் பிடித்தார்கள். அவர்களுக்கு அந்தப் பிடி பழக்கமானது. முழங்காலின் பின்னே ஓர் உதை, மண்டி போட்டதும் தோளில் ஒரு பூட்ஸ். கல் உடைக்கும் பெண்கள் பார்ப்பதற்கு வசதியாக முன்னே வந்தார்கள்.

சிடோனி நிற்கவில்லை. சறுக்குவண்டியின் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு இறக்கத்தில் நடந்தாள். பின்னால் வாத்தியக்குழு ஆரம்பித்தது. அதையும் மீறி ஓர் அலறல் கேட்டது. பிறகு கைதட்டல்.

வெய்ட் கண்ணைத் திறக்காமலே கேட்டான். "என்னடீ சத்தம்?"

"மன்றம்," என்றாள். "வேல செய்யுது."

அவன் தலையை அவள் குரல் வந்த பக்கம் திருப்பினான்.

"இவ்வளவு சீக்கிரமாவா?" என்றான்.